பாட்டு யாருடையது?

பிரேஜில் தேசத்தில், அமேசான் நதி கடலை நெருங்கும் இடத்தில், பெலேம் என்று ஓர் ஊர். படித்துறையை ஒட்டி அங்கே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. வேர்-ஓ-பெசோ என்று பெயர். போர்த்துகீசிய மொழியில் 'எடையைப் பார்' என்று அர்த்தம். பதினேழாம் நூற்றாண்டில் காட்டிலிருந்து வந்த சரக்குகளை நிறுத்து வரி வாங்கிய இடம். தராசு போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. மீனும் மரவள்ளி மாவும் விற்கும் அந்தச் சந்தையில் மூலிகைக்காரிகளின் கடைகள் ஒரு வரிசை உண்டு. வேர், பட்டை, பிசின், சின்னச் சின்னக் குப்பிகளில் வாசனைத் தைலம். இவற்றின் நடுவே நெடுங்காலமாக இன்னொரு சரக்கும் விற்கப்பட்டு வந்திருக்கிறது. உலர்த்திப் பதம் பண்ணிய ஒரு சின்னஞ்சிறு பறவை.

அந்தப் பறவைக்கு அவர்கள் சொல்லும் பெயர் உயிராப்புரு. பழங்குடிகளின் துப்பி மொழியில் 'உயிரா' என்றால் பறவை. நம் காதுக்கு அதில் 'உயிர்' என்று கேட்கிறது. தற்செயல்தான், ஆனாலும் செத்த பறவைக்கு இப்படி ஒரு பெயரா என்று மனசு கொஞ்சம் தடுக்கி விழுகிறது. காதலில் தோற்றவன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். வியாபாரி வாங்கிக் கல்லாப்பெட்டியில் போடுவான். ஏனென்றால், உயிராப்புரு பாட ஆரம்பித்தால் காட்டில் மற்ற பறவைகளெல்லாம் வாயடைத்துப்போய் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்து கேட்கும் என்பது அந்த நாட்டுக் கதை. அந்தப் பறவை கையில் இருந்தால் பெண்ணும் வருவாள், வாடிக்கைக்காரனும் வருவான், அதிர்ஷ்டமும் வரும் என்று நம்பிக்கை.

இதைப் படித்தவுடன் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். பாடுகிறது என்பதற்காகவே ஒன்றைக் கொன்று, பாட முடியாத அதன் உடம்பை வைத்துக்கொண்டு, பாட்டின் பலன் மட்டும் தனக்கு வரவேண்டும் என்கிறானே, இவனைப்போல் மூடன் உண்டா? பாட்டுக்கு எடை உண்டா, 'எடையைப் பார்' என்ற சந்தையில் நிறுத்து வாங்க? இப்படிச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். புரட்ட முடியவில்லை. சிரிப்பு பாதியில் நின்றுபோய், அந்த மூடன் எனக்கு மிகவும் தெரிந்தவன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். ரென் என்று ஒரு குருவிக் குடும்பம். தொண்ணூறு இனங்களுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கிறவை. அந்தக் குடும்பத்தில் மூன்றே இனங்கள் கொண்ட ஒரு சின்னக் கிளை இருக்கிறது. ஒன்று மத்திய அமெரிக்காவிலும் அதை அடுத்த கொலம்பியா, ஈக்வடாரிலும் ஈரக் காடுகளில்; ஒன்று ஆண்டிஸ் மலைச்சரிவில்; மூன்றாவது அமேசான் காட்டில். இந்த மூன்றாவதுதான் நம் உயிராப்புரு. நீளம் சுமார் ஐந்து அங்குலம். எடை இருபது கிராமைச் சுற்றி. காய்ந்த இலையின் பழுப்பு உடம்பு, கழுத்திலும் நெஞ்சிலும் செங்கல் நிறம், கண்ணைச் சுற்றி இறகில்லாமல் நீலம் பாரித்த தோல். மரத்து உச்சியில் உட்கார்ந்து ஜம்பமாகப் பாடுகிற ஜாதி அல்ல. இருட்டான காட்டின் தரையில், விழுந்து கிடக்கிற சருகுகளைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடித் தின்று, ஜோடியாகவோ குடும்பமாகவோ காலம் தள்ளுகிறது. பார்த்தால் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

இதற்குச் சாஸ்திரப் பெயர் வைத்த கதை வேடிக்கையானது. 1783இல் ஹெர்மன் என்ற பண்டிதர் இந்த இனத்தை விவரித்தார். 1844இல் கபானிஸ் என்ற ஜெர்மானியப் பறவை நிபுணர் இந்தக் கிளைக்குச் 'சைஃபோரைனஸ்' என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். கூனல் மூக்கு என்று அர்த்தம். அலகின் மேல் விளிம்பு சற்று வளைந்து உயர்ந்திருப்பதைக் கண்டு வைத்த பெயர். ஐரோப்பாவில் மேஜைமேல் கிடக்கிற தோலில் அதுதானே கண்ணுக்குத் தெரியும்? காட்டில் கேட்டவர்கள் வைத்த பெயர் வேறு: வாத்தியக்காரன், சங்கீதக்காரன், ஆர்கன் பறவை. ஒரே பறவைதான். கையில் வைத்திருந்தவனுக்கு மூக்கு கிடைத்தது; கையில் இல்லாதவனுக்குப் பாட்டு கிடைத்தது. நான் சொல்லவந்த விஷயம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும் போலிருக்கிறது.

ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1848இல் அமேசானுக்குப் போனார். பதினோரு வருஷம் அங்கே இருந்தார். 1863இல் அவர் வெளியிட்ட பிரயாண நூலில் இந்தப் பறவையைப்பற்றி ஒரு பக்கம் வருகிறது. முதல் முதலில் அதன் குரலைக் கேட்டபோது, மனிதக் குரல் என்றே நினைத்ததாகச் சொல்கிறார். யாரோ சங்கீத ஞானமுள்ள ஒரு பையன் புதருக்குள் பழம் பறித்துக்கொண்டு, தனக்குத்தானே நாலு ஸ்வரம் பாடிக்கொள்கிறான் என்று தோன்றியதாம். பிறகு குரல் புல்லாங்குழலைப்போல் குழைகிறது. சுற்றியிருக்கிற மரங்களையெல்லாம் துருவிப் பார்த்தாலும் பாடுகிறவன் அகப்படுவதில்லை. கடைசியில் காற்றுப்போன பழைய பெட்டி வாத்தியம்போலச் சில கொடகொட சப்தங்களோடு பாட்டு அறுந்துபோகிறது. கேட்டவன் ஏமாந்து நிற்கிறான்.

அவர் எழுதியதில் என் மனசில் தங்கிப்போனது இன்னொன்று. அந்தப் பிரதேசத்து மக்கள் நிழல் கவிந்த சின்ன ஓடைகளில் ஓடம் விட்டுக்கொண்டு போகும்போது, இந்தக் குரல் கேட்டால் துடுப்பை நிறுத்திவிடுவார்களாம். தேடுவதில்லை, பேசுவதில்லை. துடுப்பை மட்டும் சற்று நேரம் நிறுத்திவிடுவார்கள். காட்டிலே பிறந்து, காட்டுச் சப்தங்களிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். மற்ற எந்தப் பறவையின் பாட்டும் அவர்களை இப்படி அசைத்ததாக பேட்ஸ் காணவில்லை.

பேட்ஸைப் பெரிய ரஸிகராக மட்டும் நினைத்துவிடக் கூடாது. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து, பதம் பண்ணி, லண்டனுக்கு அனுப்பி, வந்த பணத்தில் பிழைப்பு நடத்தியவர். அவர் சேகரித்தவை பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். அவற்றில் எண்ணாயிரம் வெளியுலகம் அதுவரை அறியாதவை. உடம்பைச் சேகரித்த அதே கைதான் பாட்டைப்பற்றியும் எழுதியது. பெலேம் சந்தைக்காரனுக்கும் அவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இருக்கிறதா?

அவருடைய நண்பர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ், செடிகொடி ஆராய்ச்சிக்காக 1849இல் அமேசானுக்குப் போனவர். அவர் இந்தப் பறவை பாடியதைக் கேட்டு ஸ்வரப்படுத்தி எழுதி வைத்தார். பின்னால், பிரேஜிலின் பெரிய சங்கீத மேதை எய்டோர் வில்லா-லோபோஸ் 'உயிராப்புரு' என்றே ஒரு நாட்டிய இசை நாடகம் இயற்றினார். 1917 என்று அதில் தேதி போட்டிருக்கிறார். 1935இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் அரங்கேறியது. அதன் கதை இப்படி: இரவில் காட்டில் ஒரு குரல் கேட்கிறது. அது காதலின் அரசன், அழகே உருவானவன் என்று நம்பி எல்லோரும் தேடுகிறார்கள். மூக்கால் குழல் ஊதிக்கொண்டு வருகிற ஒரு குரூபியைக் கண்டு, இவனா என்று அடித்துத் துரத்துகிறார்கள். பிறகு வேட்டைக்காரி ஒருத்தி, பாட்டில் மயங்கி, பாடுகிற பறவையை அம்பால் எய்துவிடுகிறாள். விழுந்த பறவை அழகான வாலிபனாக எழுந்திருக்கிறது. எல்லோரும் அவனுக்காகச் சண்டை போடுகிறார்கள். அடி வாங்கிய குரூபி திரும்பி வந்து அவனை எய்து கொன்றுவிடுகிறான். பிணத்தைத் தூக்கி ஒரு சுனையருகே வைக்கிறார்கள். அது மறுபடி பறவையாகிக் காட்டுக்குள் பறந்துபோகிறது. மேடையில் மிஞ்சுவது நிசப்தம்.

அந்தப் பெண் பறவையை ஏன் எய்தாள்? வெறுப்பினால் அல்ல. பாட்டுப் பிடிக்காமல் அல்ல. பிடித்ததனால்தான் எய்தாள். எனக்கு இது உறைக்கிறது. சந்தையில் பறவையை வாங்குகிறவனும் பாட்டை மதிக்காதவன் அல்ல. அளவுக்கு மீறி மதிக்கிறவன். அவன் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவன். கடையில் ஈ ஓட்டுகிறவன். ஒருத்தியின் ஜன்னலுக்கு எதிரே தினம் நடந்து கால் ஓய்ந்தவன். காட்டில் ஒரு சின்னப் பறவை வாய் திறந்தால் உலகமே காது கொடுக்கிறது என்று அவன் கேள்விப்படுகிறான். எனக்கும் அப்படி ஒரு நாள் வராதா என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தில் தப்பு என்ன இருக்கிறது? அந்தச் சக்தி பறவையின் உடம்புக்குள், எலும்புக்கும் இறகுக்கும் நடுவே, ஒரு சரக்காக இருக்கிறது என்று நினைத்ததுதான் தப்பு. அந்தத் தப்பின் கேலிக்கூத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிராப்புரு என்று சந்தையில் விற்பது பல சமயம் உயிராப்புருவே அல்ல. அதே பெயரால் அழைக்கப்படுகிற மனாக்கின் என்ற வேறு குலத்துப் பறவைகள். பளிச்சென்ற வர்ணம் உள்ளவை, சங்கீதத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. 1967இல் பிரேஜில் அரசாங்கம் காட்டுப் பிராணிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்துச் சட்டம் போட்டது. சட்டம் கையைத்தான் கட்டும், ஏக்கத்தைக் கட்டாது.

நமக்கும் இது புதிதல்ல. அசுணம் என்று ஒரு பிராணியைச் சங்கப் புலவர்கள் சொல்கிறார்கள். இசையில் உயிரை விடுகிற ஜீவன். வேடர்கள் முதலில் யாழ் வாசித்து அதை மயக்கி வரவழைத்து, பிறகு கடூரமாகப் பறை முழக்கிக் கொல்வார்களாம். அசுணம் கொல்பவரின் கையை நற்றிணையில் ஒரு தலைவி தன் காதலனின் மார்புக்கு உவமையாகச் சொல்கிறாள். இன்பம் தருவதும் அதுவே, துன்பம் தருவதும் அதுவே என்று. அங்கே கேட்கிற காதுக்காக ஒரு ஜீவன் சாகிறது. இங்கே பாடுகிற தொண்டைக்காக. கை ஒன்றுதான்.

அந்தக் கை என்னிடமும் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டு விளக்காமல் போவது நியாயமல்ல.

எங்கள் வீட்டில் அத்தை ஒருத்தி இருந்தாள். அப்பாவின் அக்கா. இருபது வயசுக்குள் புருஷனை இழந்து பிறந்தகத்துக்கே வந்துவிட்டவள். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பாள். அரைக்கும்போது பாடுவாள். பாட்டு என்றால் சாகித்தியம் இல்லை. ராகம் என்றால் பெயர் இல்லை. குழவி சுற்றுகிற தாளத்துக்கு ஏதோ ஒரு முனகல் எழும்பும், மேலே போகும், ஓரிடத்தில் நின்று யோசிக்கும், இறங்கும். பகலில் அவள் வாயில் ஒரு பாட்டு வந்து யாரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் லாலி பாடக் கூப்பிட்டால்கூட எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டு, தூங்குவதுபோல் பாவனை செய்து, வருஷக்கணக்கில் அதைக் கேட்டேன். என் பிராயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து அதுதான்.

எனக்குப் பத்தொன்பது வயசாகும்போது, நண்பன் ஒருவனிடமிருந்து டேப்ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்தேன். பெட்டி பெரிதாக இருக்கும், சக்கரம் சக்கரமாக நாடா சுற்றும். ராத்திரியே அதைக் கொண்டுபோய்க் குதிருக்குப் பின்னால் வைத்து, மேலே கோணியைப் போட்டு மறைத்துவிட்டேன். விடியற்காலம் ஓசைப்படாமல் போய் முடுக்கிவிட்டு வந்தேன். முழுசாக ஒரு நாடா நிரம்பியது. சாயங்காலம் திண்ணையில் அப்பாவின் சிநேகிதர்கள் நாலுபேர் இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதைக் கேளுங்கள்" என்று போட்டுக் காட்டினேன். குழவியின் கடகடப்புக்கு நடுவே அத்தையின் குரல் வந்தது. எல்லோரும் அசந்துபோனார்கள். ஒருவர், "யார் இது, சபாவிலே பாடறவாளா?" என்று கேட்டார்.

அத்தை உள்ளேயிருந்து வந்து நடையில் நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாருடா இது?" என்றாள்.

"நீங்கதான் அத்தை!"

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை நினைவு இருக்கிறது. யோசனைதான் இருந்தது. "அப்படியா பாடறேன்? வெளியிலே கேக்கறதா? இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். ஆட்டுக்கல் சுற்றியது. பாட்டு வரவில்லை.

நான் அவளைத் துன்புறுத்தவில்லையே, புகழ்ச்சிதானே வாங்கிக்கொடுத்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பலிக்கவில்லை. அந்தப் பாட்டு எனக்காகப் பாடப்பட்டது அல்ல. யாருக்காகவும் பாடப்பட்டது அல்ல. இருட்டும், ஒருவரும் கேட்கவில்லை என்ற நிச்சயமும்தான் அது வளர்ந்த காடு. நான் நாடாவில் பிடித்தது குரலை. குரலுக்கு இடம் கொடுத்த அந்த நிச்சயத்தை அழித்துவிட்டுத்தான் பிடித்தேன். இதுவும் ஒரு உயிராப்புரு வியாபாரம் அல்லாமல் வேறு என்ன?

'எனக்காக அல்ல' என்ற இந்த இரண்டு வார்த்தையை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். எமிலி டூலிட்டில் என்ற சங்கீதக்காரரும், ஹென்ரிக் புரும் என்ற பறவை ஆராய்ச்சியாளரும் சேர்ந்து இந்தப் பறவையின் பாட்டை ஸ்வரம் ஸ்வரமாக அளந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்தடுத்து வரும் ஸ்வரங்களுக்கு நடுவே அது எந்த இடைவெளியை விரும்புகிறது என்று பார்த்தார்கள். நம் பரிபாஷையில் சொன்னால், ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம், ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், ஸட்ஜத்திலிருந்து மத்தியமம் என்று மனிதக் காது இசைவு என்று கொள்கிற இடைவெளிகளையே அது அதிகம் நாடுகிறது என்று கண்டார்கள். ஐரோப்பியர்களுக்கு அதில் பாஃக்கும் ஹைடனும் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. நான் அதன் ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்குக் குழலும் ஆட்டுக்கல்லும் கேட்டன. அவரவர் மூட்டை அவரவருக்கு.

பறவைக்கு பாஃக்கையும் தெரியாது, பஞ்சமத்தையும் தெரியாது. இந்த இடம் எங்களுடையது என்று அடுத்த ஜோடிக்கும், இங்கேதான் இருக்கிறேன் என்று தன் துணைக்கும் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. இலை அடர்ந்து, பத்தடிக்கு அப்பால் கண் எட்டாத காட்டில் குரல்தான் உறவு. அந்த சம்பாஷணையின் ஓரத்தில் ஓடத்தில் போகிற நாம் தற்செயலாக அகப்பட்டுக்கொள்கிறோம். அது பெரிய பாக்கியம்தான். ஆனால் பாக்கியம் வேறு, பாத்தியதை வேறு.

இதோடு விட்டுவிட்டால் தனி மனுஷன் செய்கிற தப்பைப்பற்றி மட்டும் பேசியதாகிவிடும். சந்தைக்காரன் ஒரு பறவையைக் கொன்றான். நான் ஒரு பாட்டை நிறுத்தினேன். சரி, எதையும் வாங்காத, எதையும் திருடாத நல்ல மனுஷனைப்பற்றி என்ன சொல்வது?

பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரெஸ் நதிக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். 1913, 1914இல் பள்ளத்தாக்கு நிரம்பிக் காடூன் ஏரி உண்டாயிற்று. மூழ்காமல் மிஞ்சிய ஒரு குன்று பாரோ கொலராடோ என்ற தீவாக நின்றது. 1923இல் அதை ஆராய்ச்சிக்கென்று பாதுகாப்பு ஸ்தலமாக ஆக்கினார்கள். அங்கே மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது. ஆனாலும் வருஷங்கள் போகப் போக, அந்தத் தீவிலிருந்து பறவை இனங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நிழலிலேயே வாழ்ந்து தரையோரம் இரை தேடுகிற சின்னப் பறவைகள் பல அதில் சேர்த்தி. போனவை திரும்பி வரவில்லை. ஏன் வரக்கூடாது, கரை பக்கத்தில்தானே இருக்கிறது? இதைச் சோதிக்கச் சில ஆராய்ச்சியாளர்கள் காட்டுப் பறவைகளைப் படகில் ஏற்றி, ஏரி நடுவே, கரையிலிருந்து நூறு, இருநூறு, முந்நூறு மீட்டர் தூரத்தில் பறக்கவிட்டார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. சில இனங்கள் சிரமமில்லாமல் கரை சேர்ந்தன. சிலவற்றால் நூறு மீட்டர்கூடப் பறக்க முடியவில்லை. தண்ணீரில் விழுந்தவற்றைப் படகில் இருந்தவர்கள் எடுத்துக் காப்பாற்றினார்கள். இறக்கை இருந்தது, திறந்த வெளியைக் கடக்கிற வழக்கம் ஆயிரமாயிரம் வருஷமாக இல்லை.

பிரேஜிலில் மனௌஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சியும் இதையே சொல்லிற்று. மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை வெட்டும்போது நடுநடுவே ஒன்று, பத்து, நூறு ஹெக்டேர் என்று துண்டுகளை விட்டுவைத்து, அவற்றில் என்ன நடக்கிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார்கள். நிழலில் பூச்சி தின்று வாழ்கிற பறவைகள் துண்டுக் காட்டிலிருந்து சீக்கிரமே போய்விட்டன. அதைவிட வயிற்றைக் கலக்குகிற சேதி 2020இல் வந்தது. யாரும் கோடரி வைக்காத முழுக் காட்டிலேயே, தரையில் பூச்சி தேடும் பறவைகள் முன்னைவிடக் குறைந்துவிட்டன. நம் சங்கீதக்காரனும் தரையில் பூச்சி தேடுகிற ஜாதிதான். பிரேஜில் பக்கத்து அமேசான் காட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. அழித்த இடத்தில் பெரும்பாலும் மாடு மேய்கிறது.

அந்தக் காட்டை அழித்தவர்களில் பறவையை வெறுத்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பாதி பேர் அதன் பாட்டைக் கேட்டே இருக்கமாட்டார்கள். இறைச்சியும் மரமும் சோயாவும் விலைக்கு வாங்கித் தின்ற, உடுத்த, உட்கார்ந்த தூர தேசத்து நல்லவர்களுக்கு அப்படி ஒரு பறவை இருப்பதே தெரியாது. சந்தைக்காரன் வாங்கிய பறவையின் ரத்தம் அவன் கையில் தெரிகிறது. இவர்கள் கை சுத்தமாக இருக்கிறது. ஆனால் சந்தைக்காரன் கொன்றது ஒரு பாடகனை. அடுத்த மரத்தடியில் இன்னொன்று பாடிக்கொண்டிருந்தது. இவர்கள் பறித்துக்கொண்டது பாடுவதற்கு வேண்டிய இருட்டை. தெரியாமல் செய்தது பாவமா என்று பழைய தர்ம சாஸ்திரங்கள் நிறைய விசாரித்திருக்கின்றன. தெரியாமல் செய்தது ஒருவேளை பாவமில்லாமல் இருக்கலாம். தெரிந்துகொள்ளாமலே இருக்கச் சௌகரியம் பண்ணிக்கொண்டது பாவம் என்றுதான் எனக்குப் படுகிறது. நானும் அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்படியானால் எதையும் தொடக் கூடாதா, எதையும் வைத்துக்கொள்ள ஆசைப்படக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்ப்ரூஸ் ஸ்வரம் எழுதாமலும், வில்லா-லோபோஸ் நாடகம் இயற்றாமலும், ஆராய்ச்சியாளர்கள் அளக்காமலும் இருந்திருந்தால், பதினாயிரம் மைல் தள்ளி இருக்கிற எனக்கு அந்தப் பறவை இருப்பதே தெரிந்திராது. தெரியாததைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆசையே வேண்டாம் என்று சொல்ல நான் துறவி இல்லை. கதை எழுதுகிறவன், பிறத்தியார் வாழ்க்கையிலிருந்து எடுத்துத்தான் என் பிழைப்பு. ஆனால் எடுப்பதில் இரண்டு தினுசு இருக்கிறது. ஸ்ப்ரூஸ் பாட்டை எழுதிக்கொண்டு போன பிறகும் அந்தப் பறவை அந்தக் கிளையில் இருந்தது; மறுநாள் காலையில் பாடியது. வேட்டைக்காரி எடுத்த பிறகு பாட்டு இல்லை. நான் எடுத்த பிறகும் இல்லை. 'நான் எடுத்துக்கொண்ட பிறகு நாளைக் காலையில் அங்கே பாட்டு கேட்குமா?' என்று கேட்டுப் பார்க்கலாம். எல்லா விவகாரத்தையும் இது தீர்த்துவிடாது. எழுத்தாளனுக்கும், புருஷனுக்கும், பிள்ளையின் படிப்பைப் பார்த்துப் பூரிக்கிற தகப்பனுக்கும், சாலை போடுகிற சர்க்காருக்கும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான்.

மறுபடியும் அந்த ஓடக்காரர்களிடம் வருகிறேன். அவர்களை நான் ரிஷிகளாக ஆக்கப் பார்க்கவில்லை. ஓடையில் துடுப்பை நிறுத்திக் கேட்ட அதே ஆள், அடுத்த வாரம் சந்தைக்குப் போய்க் காதலுக்காகச் செத்த பறவை ஒன்றைத் தேடி வாங்கியிருக்கலாம். ஒரே மனுஷனுக்கு இரண்டு கை. ஆனாலும் அந்தச் சில நிமிஷம் நடந்தது நிஜம். போகவேண்டிய காரியம் இருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவேண்டிய ஊர் இருந்தது. எல்லாவற்றையும் மறந்து கை தானாக நின்றது. பறவையைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவர்கள் எழுந்திருக்கவில்லை.

அத்தையின் நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கிற பெட்டிதான் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நான் போட்டுக் கேட்பேனா என்பது சந்தேகம். அந்தப் பாட்டு எனக்கு ஞாபகம் வரும்போது வருவது நாடாவிலிருந்து அல்ல. கூடத்துப் பாயில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தேனே, அந்த விடியற்காலங்களிலிருந்துதான். அப்போது என் கையில் ஒன்றும் இல்லை.